விருந்தாளிகள் முன்னால் விழுந்த சீட்டு

பழவேற்காடு ஏரிக்கரையில் காயும் இறால் வாசனை... அதை மறைக்க பஞ்சாயத்து ஆபீசில் அடித்த ரூம் ஸ்ப்ரே வாசனை. இரண்டும் கலந்து இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

நான் பிரசிடெண்டாக ஜெயித்த புதுசு. கிராமத்தில் உள்ளாட்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து நாலு எம்.பி.க்கள் வந்தார்கள்.

கூட வந்த அதிகாரி, "பொக்கே குடுத்துட்டு உக்காந்துக்கோங்கம்மா, நான் பேசிக்கிறேன்" என்றார். எங்கே உட்காருவது? என் நாற்காலியில் ஏற்கெனவே என் வீட்டுக்காரர். ஊரே அவரைத்தான் பிரசிடெண்ட் என்று கூப்பிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்லைடு ஷோ நடுவில் கரண்ட் போனது. அந்த இடைவெளியில் வந்தவர்களில் ஒரு அம்மா, மொழிபெயர்ப்பவர் மூலமாகக் கேட்டார்: "இங்கே யார் முடிவெடுப்பது?"

எழுந்துவிட்டேன். "வாங்க, காட்றேன்."

அன்று கரையில் பாடு பிரிக்கும் நாள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பெண்கள் அந்தப் பக்கம் நிற்கும் வழக்கமில்லை. அன்று நான் நின்றேன்.

எங்கள் வலைக்கு வீட்டுக்காரர் குடத்தில் கைவிட்டு எடுத்தார்... சேத்துப் பக்கம்! நண்டுகூட எட்டிப் பார்க்காத இடம். அவர் முகம் செத்துப்போனது.

அதிகாரி என் காதருகே, "கெஸ்ட் முன்னாடி பிரசிடெண்ட் வீட்டுக்கே இப்படியா? இன்னொரு தடவ எடுக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் வீட்டு உலை அந்த வலையை நம்பித்தான் கொதிக்கிறது. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்.

"உழுந்த சீட்டு உழுந்ததுதான். பிரசிடெண்டு வூடுன்னா ஏரிக்குத் தெரியுமா இன்னா?"

கரை முழுக்கக் கைதட்டல்! அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். அத்தனைக்கும் பதில் சொன்னது நான்... நான் மட்டும்தான். போகும்போது என் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த சீட்டு வரைக்கும் மீன்காரன் வீட்டில் பருப்புக் குழம்புதான். வீட்டுக்காரர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாள் ஆபீசுக்குப் போனபோது என் நாற்காலி காலியாக இருந்தது.

இப்போது பிரசிடெண்ட் வேறொரு பெண். அவளே மைக் பிடிக்கிறாள், அவளே அதிகாரியிடம் சண்டை போடுகிறாள். யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

போன வாரம் அந்த வெளிநாட்டு அம்மாவிடமிருந்து வாட்சப்பில் ஒரு போட்டோ. அவர்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறைக்குச் சீட்டு எடுக்கிறார்கள். குடம் இல்லை, பிளாஸ்டிக் வாளி!

வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாவம்... அங்கியும் எவனோ ஒரு பிரசிடெண்டு புருசன் மாட்டிக்கினு இருப்பான்."