கறையக்காவின் பத்து விரல்கள்

அந்தச் சலவைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், என் ஏப்ரன் பையில் யாரோ ஒரு ஜோடி ரப்பர் கையுறையை மடித்து வைத்திருந்தார்கள். அப்போது என் கை இரண்டும் வெடித்துப் புண்ணாகியிருந்தது. கம்பெனி மாதத்துக்கு ஒரு ஜோடிதான் கொடுக்கும். கறை போக்குகிற மருந்தில் அது பதினைந்து நாள்கூடத் தாங்காது. மீதி நாளெல்லாம் வெறுங்கைதான். யார் வைத்தது என்று சுற்றிப் பார்த்தேன். எதிர்த் தொட்டியில் நின்றவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அது எனக்குச் சின்னதா இருக்கு. போட்டா விரல் மரத்துப் போகுது. நீ போட்டுக்க."

அடுத்த மாதமும் வைத்தார். அதற்கடுத்த மாதமும் வைத்தார். மருந்துப் புகை என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் என்னை மடிப்புப் பகுதிக்கு மாற்றும் வரை நான்கு வருடம், ஒரு மாதமும் தவறவில்லை. சின்னதாக இருக்கிறது என்றால் சின்னதாகத்தானே இருக்கும் என்று நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அவரைத்தான் நாங்கள் கறையக்கா என்போம். ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாம் எங்களிடம்தான் வரும். மெஷினில் போடுவதற்கு முன்னால் கறையைக் கையால் தேய்த்து எடுக்க வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார்: "இது டீ இல்லடி, காபி. டீன்னா ஓரம் கறுத்து நிக்கும்." இன்னொரு துணியைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார். "இந்த ஊர்ல எல்லார் கறையும் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தா பாதி ஓட்டல் காலி." திறக்கவே மாட்டார்.

கணவர் தவறிய பிறகு, ஏழு வயது மகளை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அக்கா இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தார். அண்ணி நல்லவர்தான். ஆனாலும் பெற்றவளுக்குப் பிள்ளை தன் கண் முன்னால் வளர வேண்டும். ஒரே வேலையில் பத்து வருடம் ஓடினால் வேலை பெர்மிட்டை நீண்ட கால பெர்மிட்டாக மாற்றித் தருவார்கள். அதில் பதினெட்டு முடியாத பிள்ளையைச் சேர்த்துக் கூட்டி வரலாம். அக்காவுக்குப் பத்து வருடம் முடிந்தபோது மகளுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதம் இருந்தது. மனுப் போட்டார். கைரேகை கொடுக்க, மகள் பிறந்த மாதத்து இரண்டாம் தேதி குடியேற்ற அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்று எனக்கு விடுமுறை. துணைக்குப் போனேன்.

கவுண்டரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதில் முன்னால் வைத்தவர்களின் விரல் தடமெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து அதைத் துடைக்கப் போய்விட்டார். அதிகாரி பதறி எழுந்தே விட்டார். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அழுக்கா இருந்துச்சுடி."

"அது அவங்க அழுக்குக்கா. விட்டுடுங்க."

அதன் பிறகு வலது கையை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கையை வைத்தார். அதற்கும் சிவப்பு. ஒவ்வொரு விரலாக அதிகாரியே பிடித்து அழுத்திப் பார்த்தார். திரையில் பத்து வெள்ளைப் பொட்டு தெரிந்ததே தவிர, அவற்றுக்குள் ஒரு கோடுகூட இல்லை. அவர் அக்காவின் விரலைத் திருப்பிப் பார்த்தார், பிறகு ஒரு சீட்டை நீட்டினார். பதினாறாம் தேதி இன்னொரு தடவை வரலாம். அன்றும் ரேகை விழாவிட்டால் மனு மூடப்படும்.

சீட்டை எடுத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து எங்கள் ஆட்களுக்கெல்லாம் படிவம் எழுதிக் கொடுக்கிற பெரியவரிடம் போனோம். ஃபாரம் ஐயா என்று கூப்பிடுவோம். அக்காவின் மனுவையும் அவர்தான் எழுதியிருந்தார். அக்காவின் விரலைத் தன் மூக்குக் கண்ணாடிக்கு அருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, சோப்புக்கட்டி மாதிரி வழுவழுன்னு இருக்கு? கைரேகை ஜோசியக்காரன் உங்களைப் பாத்தா கடையக் கட்டிடுவான்."

"தமாஷ் அப்புறம் பண்ணுங்கய்யா. வேற வழி இருக்கா?"

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வேற மாதிரி போகலாம். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். உங்க பொண்ணுக்கு இருபதாம் தேதி பதினெட்டு முடியுது. அதுக்கு முன்னாடி ரேகை விழுந்து ரசீது கைக்கு வந்துட்டா, முடிவு எப்ப வந்தாலும் அவ பிள்ளைக் கணக்குதான். விழலேன்னா அவ பெரிய ஆளு. அம்மா பேரைச் சொல்லி உள்ள வர முடியாது."

நான்தான் கேட்டேன், தேய்ந்த ரேகை திரும்பி வருமா என்று.

"வரும். ரெண்டு வாரம் தண்ணி, மருந்து எதையும் தொடக் கூடாது. ராத்திரி எண்ணெய் தடவணும். தோல் தானா ஏறும்."

"தொட்டியில நிக்கிறவளைத் தண்ணியத் தொடாதேங்கிறீங்க" என்றார் அக்கா. "மீனைப் புடிச்சு நீந்தாதேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

லீவு போட முடியாது. மனு நடக்கும்போது நாலு நாளுக்கு மேல் வராவிட்டால் கம்பெனி அதை அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும், மனு நின்றுவிடும். வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லவும் முடியாது. பெர்மிட்டில் எந்த வேலை எழுதியிருக்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும். கறைப் பகுதிக்கு நீல ஏப்ரன், மடிப்புக்கு வெள்ளை. மாறி நின்று அகப்பட்டால் இரண்டு பேர் பெர்மிட் அட்டையும் போய்விடும்.

மாறித்தான் நின்றோம். நான்தான் சொன்னேன். அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"உன் நெஞ்சு என்னடி ஆகும்?"

"பதினாலு நாள்தானேக்கா. வாயில துணி கட்டிக்கிறேன்."

எங்கள் சூப்பர்வைசர் தமிழர்தான். பேச்சு கம்மி, முறைப்பு அதிகம். உம்மணாமூஞ்சி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுவோம். அவர் காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை சுற்றி வருவார். அவர் போனதும் விரிப்பு தொங்கும் கம்பிகளுக்குப் பின்னால் போய் ஏப்ரனை மாற்றிக்கொள்வோம். அக்கா என் மேசையில் மடிப்பார். நான் தொட்டியில் தேய்ப்பேன். திருட்டு வேஷம் போடுகிறோமே என்று மனம் உறுத்தும். கையை நனைப்பதற்கு முன் கண்ணை மூடி ஆண்டவனிடம் சொல்லிவிடுவேன்.

"என்னடி முணுமுணுக்கிற?"

"மன்னிப்புக் கேக்கிறேன்க்கா."

"கேக்கிறதே கேக்கிற, எனக்கும் சேர்த்துக் கேட்டுடு. தனித்தனியா போனா அங்கயும் வரிசை பெருசா இருக்கும்."

நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையில் அவர் தட்டை நான் கழுவினேன். தலைக்கு நான் ஊற்றிவிட்டேன். கரண்டியால் சாப்பிட்டு, சாப்பிட்ட மாதிரியே இல்லை என்று சலித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் முகம் காட்டினாள்.

"என்னம்மா, கரண்டி எல்லாம் புடிக்கிற? பெரிய இடமாயிட்ட போல."

"ஆமாடி. நீ வந்ததும் உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேன்."

"எப்பம்மா வருவேன்?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "மாமா வெளிய இருக்காரா? போனைக் குடு" என்று பேச்சை மாற்றினார். ரேகை விழாத விஷயத்தை மகளிடம் அவர் சொல்லவே இல்லை.

எட்டாம் நாள் விரல் நுனியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. வெளிச்சத்தில் சாய்த்து மாறி மாறிப் பார்த்தோம். ஒன்பதாம் நாள், பதினோராம் தேதி, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே தொழிலாளர் இலாகாவிலிருந்து இரண்டு பேர் சோதனைக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரின் நெஞ்சிலும் தொங்கும் அட்டையை வாங்கி, ஏப்ரன் நிறத்தைப் பார்த்து, வேலையைப் பார்த்து வந்தார்கள். முன்வாசலில் அவர்கள் குரல் கேட்டது.

கம்பிகளுக்குப் பின்னால் அக்கா ஓடி வந்தார். வெள்ளை ஏப்ரனை உருவி என் மேல் எறிந்தார். என் நீல ஏப்ரனை மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே தொட்டிப் பக்கம் போனார். தொட்டியில் ஆஸ்பத்திரி விரிப்பு மருந்தில் ஊறிக்கொண்டிருந்தது. பூட்ஸ் சத்தம் பக்கத்துப் பாதைக்கு வந்துவிட்டது. அக்கா வெறுங்கையை உள்ளே விடப் போனார். ஒன்பது நாள் அதில் போய்விடும்.

"இருங்கக்கா" என்று என் கையிலிருந்த உறைகளைக் கழற்றி அவர் கையில் மாட்டினேன். மாதாமாதம் கம்பெனி அக்காவுக்குக் கொடுக்கிற அதே அளவு ஜோடி. முதல் உறை வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. விரலிடுக்கில் மடிப்பு இல்லை, மணிக்கட்டில் இறுக்கம் இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. எனக்குத்தான் அது எப்போதும் சற்றுத் தொளதொளவென்று இருக்கும்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விரிப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

சோதனைக்காரர் வந்து நின்றார். அக்காவின் அட்டையைப் பார்த்தார், நீல ஏப்ரனைப் பார்த்தார், தேய்க்கிற கையைப் பார்த்தார். நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வெள்ளை ஏப்ரனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர் காலால் ஒரு தள்ளுவண்டியை என் பக்கம் உருட்டிவிட்டார். உலர்ந்த துணி எடுக்க வந்தவள் என்று இந்த நாட்டுப் பேச்சில் சொன்னார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அது ஒரு பக்கமாகவே ஓடியது.

அவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். நான் அழுதேவிட்டேன்.

"எல்லாம் உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எனக்குக் கண்ணு தெரியும்மா. வாய்தான் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு முறைத்துக்கொண்டே போனார்.

அன்று மாலை அறையில் அக்காவிடம் கேட்டேன். "அந்த கிளவுஸ் சின்னதுன்னு ஏன்க்கா சொன்னீங்க?"

"சும்மா குடுத்தா நீ வாங்கியிருப்பியா?"

"எனக்குக் குடுத்துட்டு வெறுங்கையால தேய்ச்சதுலதானே உங்க ரேகை போச்சு. உங்க பொண்ணுக்கு நான்தானே..."

"போடி பைத்தியம். மருந்து தேய்ச்சுது. நீயா தேய்ச்ச?" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை. ஆனால் அந்த உறையில் வலது ஆள்காட்டி விரல் நுனி கிழிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தோம். மருந்து உள்ளே போயிருந்தது. மறுநாள் அந்த விரல் வெள்ளையாக வெளுத்து உரிந்தது. மீதி நான்கு நாளும் ஏப்ரன் மாற்றினோம். சூப்பர்வைசர் எங்கள் பகுதிப் பக்கமே திரும்பவில்லை.

பதினாறாம் தேதி கவுண்டரில் வேறு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அக்கா இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கூப்பிட்டதும் வைத்தார். சிவப்பு.

அந்த அம்மா அக்காவின் விரலைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீரே படாமல் வைத்திருந்ததில் விரல் காகிதமாகக் காய்ந்திருந்தது. அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, அதே மாதிரி தடவிவிட்டு வைக்கச் சொன்னார். நெற்றியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு விரலுக்கு வர வேண்டுமாம். அக்கா ஒவ்வொரு விரலாக நெற்றியில் வைத்தார், கண்ணாடியில் வைத்தார். பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுகிற மாதிரியே இருந்திருக்கும். நான் பக்கத்தில் நின்று நிஜமாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இடது கை ஐந்தும் பச்சை. வலது கட்டைவிரல் பச்சை. ஆள்காட்டி விரல் சிவப்பு. திரும்ப வைத்தார், சிவப்பு. மூன்றாம் முறையும் சிவப்பு. அந்த அம்மா அதை விட்டுவிட்டு அடுத்த மூன்று விரலையும் வைக்கச் சொன்னார். மூன்றும் பச்சை. பிறகு எழுந்து உள்ளே போனார்.

அவர் வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அக்கா அந்த உரிந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்போது போதாதாடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

வந்தவர் விரலைப் படம் எடுத்தார், பத்தாவது கட்டத்தில் 'காயம்' என்று கையால் எழுதினார், முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா அதில் வேறு எதையும் படிக்கவில்லை. தேதியை மட்டும் தடவிப் பார்த்தார். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். அவள் எடுத்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மகள் வந்தாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரம். அவளுக்கு நர்ஸ் படிப்பு வேறொரு ஊரில் கிடைத்தது. புது பெர்மிட்டில் அக்கா எந்த வேலையும் செய்யலாம் என்பதால், அங்கேயே ஒரு தையல் கடையில் சேர்ந்துகொண்டார். தண்ணீர் படாத வேலை. பஸ் ஏற்றிவிட நான் போனேன். அந்த ஊரில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டு, கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அவர் அளவுக்குத் தேடி வாங்கி வைத்திருந்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டேன்.

"வாங்கிட்டேன்க்கா, எனக்குச் சின்னதா இருக்கு. நீங்க போட்டுக்குங்க."

அக்கா அதை விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டி அவர் சொன்னது இதுதான்:

"இந்தப் பொய்க்கும் மன்னிப்புக் கேட்டுடுடி. அப்படியே என்னோட நாலு வருஷத்தையும் சேர்த்துச் சொல்லிடு."