கல்லிடுக்கில் மயில்சிகை

எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. அதில் ஏழெட்டு மயில்சிகைச் செடிகள் இருக்கின்றன. வைத்தது நான்தான். பத்து வயதில் நான் செய்த தப்புகளில் இன்றைக்கும் பச்சையாக நிற்பது அது ஒன்றுதான்.

பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முழுச் செடியே ஒரு சாண் இராது. மெல்லிய காம்பு, அதன் நுனியில் விசிறிபோல் விரிந்த இலை. பனை ஓலையை எடுத்துப் பொம்மைக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும். பூக்காது, காய்க்காது. நல்ல மண்ணில் வைத்தால் அதற்குப் பிடிக்காது. பாறை வெடிப்பு, பழைய மதில், கிணற்றுச் சுவர் என்று கல்லாகப் பார்த்துத்தான் குடியேறும்.

அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரக் காரணம் தெள்ளாரில் இருந்த பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. ஆரணியில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பட்டுத்தறி போட்டிருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. மாதம் ஒருமுறை அத்தை வந்தவாசியில் பஸ் மாறி வந்து இறங்குவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கண் சித்தியின் வயிற்றுக்குப் போய்விடும். அதற்கப்புறம்தான் சௌக்கியம் விசாரிப்பதெல்லாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தறியில் புதுப் பாவு ஏற்றும் நாளில், அதாவது அடுத்த சில சேலைகளுக்கான நீள இழைகளைத் தறியில் பூட்டும் நாளில், அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பது பிள்ளை பெற்ற கையாக இருக்க வேண்டும். அதனால் சித்தப்பாவின் பாவுக்கும் என் அம்மாதான் வைப்பாள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாவைக் கடைசி இழைவரை நெய்யப்போகிறவள் சித்தி. பார்டர் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா நடுவில் உட்கார்ந்து நெய்ய, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான இழை சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவாள். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். ஆனால் குங்குமம் வைக்கிற நேரத்தில் மட்டும் அவள் சமையலறையில், கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள். எனக்கு அது அந்த வயதிலேயே பொறுக்கவில்லை. சித்தியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு தை மாதம் அத்தை டிவியில் காலை வேளையில் வரும் ஒரு வைத்தியரின் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். மயில்சிகையை வேரோடு எடுத்து, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, அரைத்துப் பசும்பாலில் கலந்து இருபத்தொரு நாள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். செடியைக் குழந்தை கையால் பிடுங்க வேண்டும் என்பது வைத்தியர் சொன்னதா, அத்தை சேர்த்ததா என்று தெரியாது. இதற்கும் கேட்கவில்லையென்றால் தம்பிக்கு வேறு பெண் பார்ப்பதுதான் என்றும் சொன்னாள். சித்தியை வைத்துக்கொண்டே சொன்னாள். அப்பா அதட்டினார். சித்தப்பா அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். அந்த முடிச்சு அன்றைக்கு வெகுநேரம் பிடித்தது.

சித்தப்பாவின் வண்டியில் அவரும் சித்தியும் நானுமாகப் பக்கத்தில் இருக்கும் திருமலைக் குன்றுக்குப் போனோம். கோயில் பக்கம் போகாமல் பின்புறப் பாறைக்கு ஏறினோம். மழை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. வெடிப்புகளில் எல்லாம் குட்டிப் பனைகள் வரிசையாக நின்றன. எல்லோரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை அது. நான் இரண்டு கையாலும் பிடுங்கித் தள்ளினேன். சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே வயல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உனுக்குப் புடிக்கலன்னா வேணாம். அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் திரும்பாமலே.

"இன்னான்னு சொல்வீங்க?" என்றாள் சித்தி.

அவர் ஒரு சின்னக் கல்லை எடுத்து வயல் பக்கம் வீசினார். சித்தி என் கையிலிருந்த செடிகளை வாங்கி ஈரத்துணியில் சுற்றினாள்.

"நானே குடிச்சிக்கிறேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

மருந்து குடிப்பதை எதற்கு எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் பேச்சில் விளங்காதது எவ்வளவோ இருந்தது. அதில் இதையும் சேர்த்துவிட்டேன்.

தறிக்கூடத்துப் பரணில் முறத்தில் பரப்பிவைத்தோம். நான் தினமும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். முதல் நாள் வாடின. இரண்டாம் நாள் விசிறிகள் மடங்கின. மூன்றாம் நாள் பார்த்தபோது ஒவ்வொன்றும் உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டதுபோல் சுருண்டு பழுப்பாகக் கிடந்தது. எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்தேன். பிடுங்கியது என் கை. செத்த மருந்தைக் குடித்தால் சித்திக்கு எப்படிப் பிள்ளை பிறக்கும்? அத்தை வேறு பெண் பார்த்துவிடுவாள், சித்தி போய்விடுவாள். இப்படி ஒரு கணக்குப் போட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு அலுமினிய வாளியில் தண்ணீர் பிடித்து எல்லாவற்றையும் அதில் போட்டு, பின்கட்டில் துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் வாளி முழுக்கப் பச்சை விசிறிகள். ஒன்று பாக்கியில்லாமல் விரிந்திருந்தன. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில்கூட வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு உயிரோடு வந்ததை அம்மியில் வைத்து அரைக்க விடுவேனா? சுவரோர இடுக்கில் ஒவ்வொன்றாகச் செருகி மண் தள்ளிக்கொண்டிருந்தபோது, அரைப்பதற்குச் செடி தேடிக்கொண்டு சித்தி வந்து நின்றாள்.

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன் சித்தி. தண்ணி ஊத்தனதும் எழுந்துகிச்சு பாரு" என்றேன். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கே உறைத்தது.

சித்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். "ஜல்தியா மண்ணப் போட்டு மூடு."

நேராகக் கறிவேப்பிலை மரத்துக்குப் போனாள். ஒரு கொத்து ஒடித்து அம்மியில் அரைத்துப் பாலில் கலந்தாள். அத்தை இதைப் பார்ப்பதற்கென்றே தங்கியிருந்தாள். தம்ளரை வாங்கி மூக்கருகே வைத்து, மலை மூலிகைக்கு இருக்கிற வாசனையே தனி என்று மெச்சிக்கொண்டாள். நான் பள்ளிக்கூடப் பையைத் தேடுகிறவள்போல் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டேன்.

இருபத்தொரு நாளும் இது நடந்தது. காலையில் தறி வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் சித்தி தறியிலிருந்து எழுந்து போவாள். தறி நிற்கும். கூடத்தின் நடுவில், அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் யார் இருந்தாலும் அவர்கள் முன்னால் நின்றுகொண்டு கறிவேப்பிலைப் பாலை ஒரே மூச்சில் குடிப்பாள். சித்தப்பா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போயிருப்பார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரும்பி வருவார். அம்மா மட்டும் மரத்தில் கறிவேப்பிலையே தங்குவதில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

பிள்ளை உண்டாகவில்லை. அந்த மருந்துக்கே கேட்காத உடம்பு என்று அத்தை தெள்ளார் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்து வேறு பெண் பேச்சு எடுத்தபோது சித்தப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். எனக்கு இவள் போதும் என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். இப்படிப்பட்டவளை வைத்துக் காப்பாற்றுகிறாரே என்று சித்தியின் காதுபடவே சொல்லுவார்கள். பாவு ஏற்றும் நாட்களில் அம்மா குங்குமம் வைத்தாள். சமையலறையில் பாத்திரங்கள் இரண்டாம் தடவை கழுவப்பட்டன.

அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் குற்றம் என்னுடையது என்று தோன்றும். நான் தண்ணீர் ஊற்றியிராவிட்டால் சித்திக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும். என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அவள் கறிவேப்பிலையைக் குடித்தாள். இதை நான் முழுதாக நம்பினேன். ஏழாம் வகுப்பில் ஒருநாள் தாங்காமல் அவள் மடியில் விழுந்து அழுது மன்னிப்புக் கேட்டேன். உன்னால் ஒன்றுமில்லை என்று தலையைத் தடவினாள். பெரிய மனசு என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனது. வந்தவாசியில் மாமியார் வீட்டில் ஜாடைப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சித்தப்பா வண்டியில் வந்து இறங்கினார். காப்பியைத் தொடவில்லை. என் கணவரை உட்காரச் சொல்லி, என்னையும் இருக்கச் சொன்னார்.

"மாப்பிள்ள, மொதல்ல நீங்க போய் டாக்டர்கிட்ட பாத்துகினு வாங்க" என்றார். "கல்யாணமாகி அஞ்சாவது வருஷமே நான் வேலூர்ல பாத்துகினு வந்தேன். கொறை என்கிட்டதான். அவளுக்கும் தெரியும். நான் வாயத் தொறக்கல. அவ மருந்து குடிச்சா."

அவ்வளவுதான் சொன்னார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் மறுவாரமே வேலூருக்குப் போய்வந்தார். அங்கே என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். சித்தப்பா வந்துபோன அன்று சாயங்காலமே நான் சித்திக்குப் போன் செய்தேன். எடுத்தவள், "சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்குச் சித்தப்பாவின் சாப்பாட்டுத் தட்டுதான் ஞாபகம் வந்தது. ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையை நாங்களெல்லாம் ஓரமாக ஒதுக்கிவைப்போம். அவர் ஒன்றுவிடாமல் மென்று விழுங்குவார். அப்படியிருந்தும், காலையில் தம்ளரைக் கண்டதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனதெல்லாம் கறிவேப்பிலை வாசனை பிடிக்காமல்தான் என்று நான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.