வெயிலில் வியர்த்த மேசை

ஏகாம்பரம் இறந்த செய்தியை அவன் தம்பி தேசிங்குதான் கொண்டுவந்தான். போன வாரம் கவரைப்பேட்டையில் எங்கள் மரப்பட்டறை வாசலில் நின்று, "அண்ணன் நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு நைனா" என்றான். இழைப்புளியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஏகாம்பரமும் நானும் பட்டறையில் கூட்டாளிகள். அவனிடம் நாற்காலி வாங்கியவர்களுக்கு அவன் வாயும் தெரியும். எளாவூரிலிருந்து ஒருவர் பிளைவுட்டில் அலமாரி கேட்டு வந்தார். "அது மரமில்ல சார், அப்பளம். ஒரு மழ வரட்டும், பாருங்க" என்றான். வந்த ஆளை விரட்டுகிறாயே பாவி என்று கத்தினேன். அவனோ முழுத் தேக்கில் ஒன்றை வரைந்து காட்டி, அவரை அங்கேயே மடக்கிவிட்டான்.

அவன் படம் வரையும் மேசை, அவனுடைய அப்பாவின் படகுப் பலகையில் செய்தது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அப்பா போனார். பலகைகள் கரை ஒதுங்கின. ஆளை வாங்கிய மரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள் அம்மா. பட்டறைக்குக் கொண்டுவந்து, ஓர் ஆணிகூட அடிக்காமல் மேசையாக்கினான். எத்தனை பேர் விலை கேட்டும் கொடுக்கவில்லை.

எவ்வளவு இழைத்தும் அதில் ஊறிய உப்பு போகவில்லை. புயல் வருவதற்கு முன், வெயில் காயும்போதே மேசை வியர்த்துவிடும். உடனே பென்சிலைப் போட்டுவிட்டு, கடலுக்குப் போகும் தம்பியைத் தடுக்கச் சைக்கிளில் பழவேற்காட்டுக்குப் பறப்பான். "மரம் சொல்லுதுன்னு நான் பட்டினி கெடக்கணுமா?" என்று தேசிங்கு சண்டைக்கு நிற்பான். "திட்டிக்கினே கெட. உசுரோட கெட" என்பான் இவன்.

ஒருமுறை இவன் போய்ச் சேர்வதற்குள் படகு கிளம்பிவிட்டது. தேசிங்கு மறுநாள் கரையேறினான். கூடப் போன அவன் மச்சான் வரவே இல்லை. "இன்னும் வெரசா மிதிச்சிருக்கணும்" என்று ஏகாம்பரம் இந்த மேசையில் தலைசாய்த்து அழுதான். என்னால் பார்க்க முடியவில்லை.

இன்று காலை தேசிங்கு வந்திருந்தான். காரியம் முடிந்துவிட்டது, வீட்டில் அரிசி இல்லை, சாயங்காலம் படகை இறக்கப் போகிறானாம். "இனிமே என்னத் தடுக்க யாருகீறாங்க நைனா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியவை அவனுடைய சைக்கிளும் இந்த மேசையும்தான். இந்த அஞ்சலிக் குறிப்பை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். வெளியே சுள்ளென்று வெயில். தாள் மேசையோடு ஒட்டுகிறது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரிக்கிறது.

அவனைத் தெரிந்தவர்களே, மன்னியுங்கள். சைக்கிளை எடுக்க வேண்டும்.