கார் பந்தயமும் ஐந்து பக்கங்களும்

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், உப்பளம் பகுதியில், கடல்காற்று நேராக வந்து அறையும் மாடி வீடு. மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் மனுவும் கடிதமும் டைப் அடித்துக் கொடுப்பது என் தொழில். தினமும் நான்கு மணிக்கு வேலையை மூடிவிட்டு, அதே கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் கார் பந்தயம் ஆடுவேன். அது யாருக்கும் தெரியாது.

ஒரு மாதமாக ஆட்டத்தின் நடுவே கம்ப்யூட்டர் நின்றுகொண்டிருந்தது. கார் வளைவில் திரும்பும்போது படம் உறையும். ஸ்பீக்கர் ஒரே சத்தத்தை இழுக்கும். பிறகு நீலத் திரை. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிவந்தேன்: தேதி, எத்தனையாவது நிமிடம், என்ன செய்து பார்த்தேன். சிடியைத் துடைத்தேன். ஆட்டத்தை அழித்து மறுபடி ஏற்றினேன். மெமரியைக் கழற்றி, கம்ப்யூட்டர் மெக்கானிக் சொன்னபடி பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டு செய்தால் எது பலித்தது என்று தெரியாது. பதினோரு முறை நின்றது. கோளாறு ஆட்டத்தில்தான் என்று நம்பியதால் எரிச்சல் வந்ததே தவிர பயம் வரவில்லை.

பன்னிரண்டாவது முறை, ஒரு சனிக்கிழமை, நீலத் திரைக்குப் பின் கறுப்புத் திரை வந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி. மதாமின் ஐந்து பக்கங்கள் அதற்குள்தான் இருந்தன.

மதாம் என்று தெருவே கூப்பிடும் அந்த அம்மாள் எதிர்வீட்டுக்காரர். அவர் கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். அவருடைய காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டதால், விதவைப் பென்ஷன் மனுவுக்கு எல்லாவற்றையும் மதாம் நினைவிலிருந்து சொன்னார். மூன்று வாரம் குறிப்பெடுத்தேன். கணவர் எதிரிகளிடம் பிடிபட்டிருந்த காலத்தைச் சொன்ன அன்று அவருக்குக் குரலே எழும்பவில்லை. "எழுதிக்கிட்டியா? இத ஒரு தடவதாம்மா சொல்ல முடியும்" என்றார்.

டைப் அடித்ததும் குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன். மேஜையில் வேண்டாத காகிதம் இருக்கக் கூடாது என்பது என் பழக்கம். கடையில் அச்செடுக்க எடுத்துப்போகும் ஃப்ளாப்பியின் டிரைவ் துருப்பிடித்துக் கிடந்ததால் வேறு நகல் இல்லை. டிரைவைத் திங்கட்கிழமை மாற்றுவதாக ஏற்பாடு. புதன்கிழமை பிரெஞ்சுத் தூதரகத்தில் மனுவைக் கொடுக்க வேண்டும்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் போயிருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

"கார் ஓட்டினா படுத்துக்குதா? லைசென்ஸ் இருக்காக்கா உங்களுக்கு?"

"விளையாடாதீங்க. ஆன் ஆகவே மாட்டேங்குது."

"திங்கக்கிழம வந்துடறேன். ஒரு ஃபார்மேட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

ஃபார்மேட் அடித்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

வேறு வழி தெரியாமல் நோட்டைப் புரட்டினேன். காலையிலிருந்து அணைந்திருந்த நாட்களில் இருபது நிமிடம் ஓடியிருந்தது. நின்றவுடனே மறுபடி போட்ட நாட்களில் ஐந்தாறு நிமிடம்தான். அப்படியானால் சூடு. பெட்டியைத் தொட்டேன், தோசைக்கல்லாக இருந்தது. உப்புக்காற்று படாமலிருக்க நானே தைத்த பிளாஸ்டிக் உறை அதன் முதுகை மூடியிருந்தது. பொத்தான்கூட வைத்துத் தைத்திருந்தேன்.

உறையைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஆறரைக்குச் சுவிட்சைப் போட்டபோது திரை விழித்தது. எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாது. பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துத் திரையைப் பார்த்துக் கையால் எழுதத் தொடங்கினேன். அன்று ஒன்றரைப் பக்கம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு இன்னொரு ஒன்றரை.

ஒன்பது மணிக்கு மதாமே வந்துவிட்டார். "டைப் அடிச்சத எதுக்கு திரும்ப எழுதிக்கினு இருக்க?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கார் உட்பட.

"இந்த வயசுல கார் பந்தயமா!" என்றார். சிரிக்கவில்லை. என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி வாங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ எழுது. நேரம் நான் பாத்துக்கறேன்."

நான்காம் பக்கத்தையும் தாண்டி எழுதினேன். "ஆயிடுச்சு, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். ஐந்தாம் பக்கத்தின் பாதி மிச்சம். பிடிபட்டிருந்த காலம் அந்தப் பாதியில்தான் இருந்தது.

பதினொரு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். பெட்டிக்குள் கிர்ரென்று உரசும் சத்தம். கறுப்புத் திரை, அதே வரி. அணைத்துப் போட்டேன். மறுபடி போட்டேன். பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் திட்டக்கூட மாட்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கைக்கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார். "கடைசியா என்ன எழுதியிருக்க, படி" என்றார். படித்தேன். பிறகு, கணவரைப் பிடித்துக்கொண்டு போன காலைநேரத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். போன தடவை சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது: திரும்பி வந்தவர் ஒரு வருஷம் கதவைத் தாழ்போட விட்டதே இல்லையாம்.

நடுவில் நிறுத்தி, "வேகமா சொல்றனா?" என்று கேட்டார்.

"இல்ல மதாம்" என்றேன்.

புதன்கிழமை, கடையில் டைப் அடித்த ஐந்தரைப் பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கையால் எழுதிய தாள்கள் கிழிபடாமல் என் மேஜையிலேயே கிடந்தன.