ஆயிரத்து முப்பது கிராம்

பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் பத்தொன்பது வருடங்களாகப் பால் மேடை அவள் கையில்தான் இருந்தது. நோயாளிகளுக்கான கஸ்டர்டும் குழாய் வழியாகச் செலுத்தும் பால் கலவையும் அங்கிருந்துதான் வார்டுகளுக்குப் போகும். நாற்பத்தாறு வயதில் சர்க்கரை நோய் அவள் கண்ணில் கைவைத்தது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. எழுத்து கையகலம் இருந்தால் படித்துவிடுவாள். அளவு ஜாடியின் மில்லிலிட்டர் கோடுகள் மட்டும் அடியோடு காணாமல் போயின.

அவள் அதை மூடி மறைக்கவில்லை. தலைமைச் சமையல்காரரிடம் தானே போய்ச் சொன்னாள். விஷயம் கண்காணிப்பாளர் காதுக்குப் போனது.

"திங்கள்கிழமையிலேர்ந்து காய் நறுக்கப் போயிடுங்கம்மா" என்றார் அவர்.

"கண்ணு சரியில்லாதவ கையில கத்தியக் குடுப்பீங்க, பாலக் குடுக்க மாட்டீங்களா சார்?"

"அப்ப பாத்திரம் கழுவுங்க."

வீட்டில் கணவரும் அதையேதான் சொன்னார். அவர் பஸ் டிரைவர். "அதுவும் வேலைதானே. விட்டுத் தள்ளு."

"நாளைக்கு உங்களை பஸ் ஓட்ட வேணாம், கழுவுங்கன்னா கழுவுவீங்களா?"

அவர் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் விடுப்புப் போட்டு அவளைக் கடைக்குக் கூட்டிப்போனார். எடையைக் குரலில் சொல்லும் தராசு ஒன்றை வாங்கினார்கள்.

அதில் ஒரு சிக்கல். சமையலறைச் சுவரில் தொங்கும் செய்முறையெல்லாம் கப், கரண்டி, லிட்டர். தராசுக்குத் தெரிந்ததோ கிராம் மட்டும். "ஒரு மில்லின்னா ஒரு கிராம்தாங்க" என்று கடைக்காரர் சொன்னதை அவள் நம்பவில்லை. மூன்று நாள் சாயங்காலம் கணவர் ஜாடியில் கோடு பார்த்து ஊற்ற, அவள் நிறுத்தாள். ஒரு லிட்டர் தண்ணீர், ஆயிரம் கிராம். ஒரு லிட்டர் பால், ஆயிரத்து முப்பது. ஆறு தடவை நிறுத்தும் அதே முப்பதைச் சுற்றித்தான் நின்றது. ஆஸ்பத்திரிச் சமையலறையின் இருநூற்று நாற்பது மில்லி கப்புக்கு இருநூற்று நாற்பத்தேழு. ஒரு கரண்டிப் பாலின் எடை தராசுக்குப் பிடிபடாததால், பத்துக் கரண்டி ஊற்றி நிறுத்துப் பத்தால் வகுத்தாள். கொழுப்பு நீக்கிய பாலோ லிட்டருக்கு இன்னும் ஐந்து கிராம் கூடுதலாகக் கனத்தது.

"கொழுப்பை எடுத்தா எடை ஏறுதா? டாக்டர் எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே!" என்று கணவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

திங்கள்கிழமை அவள் தராசோடு பால் மேடைக்கே போனாள். கஸ்டர்டுக்கு நாலு லிட்டர் வேண்டும். தராசு "நாலாயிரத்து நூற்று இருபது" என்று சொல்லும்வரை ஊற்றினாள்.

பின்னால் நின்ற கண்காணிப்பாளர் சிரித்தார். "நாலு லிட்டர்னா நாலு கிலோ. நூத்தியிருபது கிராம் கூட ஊத்திட்டீங்க. இதுக்குத்தான் சொன்னேன்."

"அது தண்ணிக்குக் கணக்கு சார். நம்ம கேன்ல வர்றது பாலா இருக்கிறவரைக்கும் இதுதான் கணக்கு."

அடுப்பருகே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமைச் சமையல்காரர் ஒரு லிட்டர் ஜாடியை எடுத்து, அவள் ஊற்றிய பாலை அளந்தார். ஒவ்வொரு தடவையும் நுரை அடங்கும்வரை காத்திருந்தார். நாலாவது ஜாடியும் கோட்டில் வந்து நின்றது.

"சரியா நாலு லிட்டர் சார். அவசரத்துல நுரையோட அளந்து நாங்கதான் இத்தனை நாளா குறைச்சு ஊத்தியிருக்கோம்."

கண்காணிப்பாளர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. இடமாற்றத் தாளை அவள் முன்னால் நீட்டினார்.

"எழுத்து பொடிசா இருக்கு சார். படிக்க முடியாததுல நான் கையெழுத்து போடறதில்ல."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் உரக்கப் படித்தார்.

"இப்ப நல்லாக் கேட்டுச்சு. போட மாட்டேன்."

இரண்டு மாதம் கடிதங்கள் மேலும் கீழும் போய்வந்தன. பால் கலவையை வார்டு நர்ஸுகள் தினமும் சரிபார்த்தார்கள். ஒரு நாளும் குறை வரவில்லை. கடைசியில் மேலிடம் அவளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. அவள் எழுதி ஒட்டிய கிராம் பட்டியலைக் கண்காணிப்பாளர் இரண்டு முறை கிழித்தார். மூன்றாம் முறை அவள் கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து, சுவரில் பதித்த வெள்ளை டைல்ஸிலேயே கையகல எழுத்தில் எழுதினாள். அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அழிக்கத்தான் ஒரு கையும் எழவில்லை.

இப்போது காலை வேலைக்கு வரும் மற்ற இரண்டு பெண்களும் ஜாடியைத் தேடுவதில்லை, தராசைத்தான் எடுக்கிறார்கள்.

"கேட்டுட்டு எடுங்கடி" என்கிறாள். "அது ஆஸ்பத்திரி சொத்தில்ல, என்னோடது."