வராண்டாவில் நின்ற டிரம்கள்

என் வேலையை அம்மாவுக்குப் புரியவைக்க நான் படாத பாடில்லை. இல்லாத பூகம்பத்தைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கி, கான்கிரீட் கட்டடம் அதைத் தாங்குமா என்று பார்க்கும் வேலை. வேறு ஊர்களில் பதிவான அதிர்வுகளை எடுத்து, நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றி, கட்டடத்தின் அடியில் விட்டு ஆட்டுவோம். எல்லாம் திரையில்தான்.

"வராத சனியன வெத்தல பாக்கு வெச்சு கூப்புட்றியா?" என்பாள் அம்மா.

வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்களுடையது. சரக்கு ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள்தான் நான். இந்த வேலைக்கு வந்த பிறகோ, கன்டெய்னர் லாரி போனால்கூடச் சோறு பிசையும் கை நின்றுவிடுகிறது. கண் தானாகத் தூண் பக்கம் போகிறது.

"துன்னும்போதாவது செவுத்த பாக்காம துன்னுடி. பேஜாரா கீது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து எங்கள் கட்டடத்தையே அளந்தேன். தாங்காது என்று தெரிந்தால் அம்மாவை இங்கிருந்து கூட்டிப்போய்விட வேண்டும். மீஞ்சூர் பக்கம் ஒரு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தேன். அவளோ தன்னைப் பாடையில்தான் இறக்க முடியும் என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் ஆபீசில் பூகம்பத்தை விட்டேன். கட்டடம் ஆடியது, அங்கங்கே விரிசல் விட்டது, விழாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குப் பிடித்த பர்மா நூடுல்ஸ், அத்தோ, பார்சல் வாங்கிக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினேன்.

மூன்றாவது மாடி வராண்டாவில் எப்போதும்போல் உடம்பை ஒருக்களித்து நுழைந்தேன். பார்சல் ஈர டிரம்மில் உரசியது. அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு, மூன்று நீல டிரம்கள். எல்லாம் தளும்பத் தளும்பத் தண்ணீர். ஒரு டிரம் நிரம்பினால் மூன்று ஆள் எடை இருக்கும். எல்லா மாடியிலும் இதே கதைதான். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து குடம் தூக்கியவள் நான். கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்கவில்லை. படித்த திமிரா, பழகிய குருட்டுத்தனமா தெரியவில்லை. என்னையே அறையலாம் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் டிரம்களையும் கணக்கில் சேர்த்து மறுபடி ஆட்டிப் பார்த்தேன். திரையில் வராண்டாத் தூண் முறிந்தது.

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். "அம்மா, மீஞ்சூர் வர வேணாம். டிரம்ம மட்டும் கீழ வெச்சிக்கலாம். எல்லாரு கைலயும் நான் பேசுறேன்."

"கீழ வெச்சா, முட்டி போன நானு எறங்கி எறங்கி ஏர்றதா? அது சரி, ஒன் பூகம்பம் என்னிக்கு வரும்?"

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"தண்ணி லாரி செவ்வாக்கெழம வரும்."

எனக்குக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது லாரி ஹாரன் கேட்டது. குடியிருப்பே குடத்தோடு படியிறங்கியது. பையை வீசிவிட்டு நானும் ஓடினேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக மூன்று மாடி ஏறி, அந்தத் தூணை ஒட்டி நிற்கும் எங்கள் டிரம்மில் ஊற்றினேன். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் எடம் கீது. ரொப்பு."

ரொப்பினேன்.