முதல் குரலுக்கே எழுந்தவர்

டாக்டர் ஞானையா இறந்த செய்தி வந்தபோது நான் தஞ்சாவூரில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். முற்பகலிலேயே போட்ட ஊசியில் நாக்கு மரத்துப்போயிருந்தது, வாய் நிறையப் பஞ்சு. மருத்துவரே என் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். சபைச் செயலாளர் விஷயத்தைச் சொன்னார். நான் எழுப்பிய சத்தத்தை அவர் அழுகை என்று எடுத்துக்கொண்டு, பலரிடமும் சொல்லியிருக்கிறார். சபையாரே, உங்களில் சிலருக்கு என்மீது இருக்கும் நல்லெண்ணத்துக்கு அதுதான் காரணம்.

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள மாடுகளுக்கு அவர் மருத்துவர். நமக்கு ஞாயிறு வேதபாட வகுப்பு எடுத்தவர். இரண்டையும் ஒரே குரலில்தான் செய்தார்.

வேதாகமம் முழுவதையும் கோக்கும் மையக்கருத்து எது என்று வகுப்பில் ஒருமுறை சர்ச்சை எழுந்தது நினைவிருக்கும். ஆயர் உடன்படிக்கை என்றார். செயலாளர் இறையரசு என்றார். நான் மீட்பு என்றேன். நான் படித்த புத்தகங்களில் அதற்குத்தான் பெரும்பான்மை. முடிவு காண ஒரு துணைக்குழு அமைத்துப் போண்டாவுக்கும் ஏற்பாடு செய்தோம். ஞானையா கடைசியாகப் பேசினார்.

"தொலைஞ்ச மாடு நம்மளத் தேடி வராது சார். நாமதான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போகணும். ஏதேன் தோட்டத்துல ஆண்டவரு கூப்பிட்டாரு, மனுசன் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான். அதுலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு. கடைசியில தானே இறங்கி வந்து தேடுனாரு. அவ்வளவுதான் பைபிளு."

"அப்ப உடன்படிக்கை, மீட்பு எல்லாம்?" என்றேன்.

"அதெல்லாம் வந்தவனுக்கு சார். முதல்ல வரணும்ல?"

துணைக்குழு இன்னும் கலைக்கப்படவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். உச்சி வெயிலிலோ பொழுது சாயும்போதோ வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முதல் குரலுக்குப் பதில் சொல்வதில்லை. மனிதராயிருந்தால் மறுபடி கூப்பிடுவார். மற்றது ஒருமுறைதான் கூப்பிடுமாம். நம் சபையில் பேயை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. முதல் குரலுக்குப் பதில் சொல்கிறவரும் ஒருவரும் இல்லை. ஞானையா மட்டும் பதில் சொல்வார். "பேயா இருந்தா என்னன்னு கேட்டுட்டுத் திரும்பிடலாம். அவரா இருந்து நாம போகலைன்னா?" என்பார். நாம் சிரித்தோம். ஆயரும் சிரித்தார். அந்த ஆயர் வீட்டு வாசலிலும் நான் எப்போதும் இரண்டு முறை கூப்பிட்டாக வேண்டும்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய மனைவி எஸ்தர் என்னை வரச்சொன்னார். நடந்ததை நிதானமாகச் சொன்னார். மதியம் ஞானையா சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொல்லைக்கு அப்பால், வாய்க்கால் பக்கமிருந்து ஒரு குரல். "இன்னொரு தடவை கூப்பிடட்டுங்க, சாப்பிடுங்க" என்று எஸ்தர் சொல்லியிருக்கிறார். அதற்குள் அவர், "இதோ வந்துட்டேன்!" என்று கையைக் கூடக் கழுவாமல் எழுந்து போய்விட்டார்.

சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள். தனியாகத்தான் போனாராம். சிரித்துப் பேசிக்கொண்டே போனாராம். வரப்பு குறுகுகிற இடத்தில் நின்று, ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டாராம். பிறகு, முன்னால் யாரோ போவதுபோல, இவர் பின்னால் நடந்திருக்கிறார். மதகருகே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காதீங்க. அன்னைக்கு வந்தது நீங்கதானே?"

"நானா?"

"'டாக்டரே'ன்னு இழுத்துக் கூப்பிடுறது நீங்க ஒருத்தர்தான். உங்க குரல்தாண்ணே. எனக்குத் தெரியாதா? நீங்க வந்தேன்னு சொல்லிட்டாப் போதும். அவரு கூட்டாளி கூடத்தான் போனாருன்னு நான் நிம்மதியாத் தூங்குவேன்."

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். சின்னப் பொய்களைப் பத்திரிகைகளில் எழுதியே பிழைத்தவன் நான். ஆனால் ஞானையா அன்று சாப்பிட்ட தட்டு கழுவப்படாமல் இன்னும் அங்கேயே இருந்தது.

"வரலம்மா. அந்நேரம் எனக்குப் பேச்சே வரல. பல்லு புடுங்கப் போயிருந்தேன்."

எஸ்தர் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து கதவைச் சாத்தலாமா என்று யோசித்தேன்.

"அப்பன்னா, அவரு பயப்படாம வரட்டும்னு தெரிஞ்ச குரலா எடுத்துக்கிட்டாங்க போல" என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

யார் எடுத்துக்கொண்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் குரலை என்னிடம் கேட்காமல் ஒருவர் எடுத்துப்போய்த் திருப்பியும் வைத்திருக்கிறார். அதைக் கொண்டுதான் நினைவுக் கூட்டத்தில் உங்கள் முன் பேசினேன். இடையிடையே நின்று நின்று பேசியது துக்கத்தால் மட்டும் அல்ல.

ஞானையாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்: யார் பெயரையும் இப்போது என்னால் விளையாட்டாகக் கூப்பிட முடிவதில்லை. அந்தப் பெயருக்குரியவர் முதல் குரலுக்கே எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்துத்தான் கூப்பிடுகிறேன்.